ஈயச்சொம்பும் ராஜுலா கப்பலும்

பியூட்டர் என்கிற உலோகக் கலவையில் செய்த குவளை ஒன்றை முதன்முதலில் கையில் எடுத்தபோது எனக்குப் பாட்டி வைக்கும் ரசம் ஞாபகம் வந்தது. இங்கிலாந்தின் துறைமுக ஊரான சவுத்தாம்ப்டனுக்குக் குடிவந்த இரண்டாவது வருடம். பையனுக்கு ஒரு பழைய சைக்கிள் பார்க்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சேலுக்கு, அதாவது வீட்டுப் பழைய சாமான்களைக் காரில் கொண்டுவந்து விற்கும் சந்தைக்குப் போயிருந்தோம். ஒரு பெரியவர் தரையில் போர்வை விரித்துச் சாமான்களைப் பரப்பியிருந்தார். நடுவில் மங்கிய சாம்பல் நிறத்தில், கைப்பிடி வைத்த பியர் குவளை ஒன்று. அந்தக் கனம், தொட்டதும் ஏறும் குளிர்ச்சி, கொஞ்சம் அழுத்தினால் நசுங்கிவிடுமோ என்கிற பயம், எல்லாம் கும்பகோணத்து ஈயச்சொம்பேதான். 6 பவுண்டு சொன்னார். பேரம் பேசாமல் வாங்கினேன்.

ஈயச்சொம்பு என்று சொல்கிறோமே தவிர அது வெள்ளீயம். பியூட்டரிலும் பெரும்பங்கு அதே வெள்ளீயம்தான். உறுதிக்காகச் செம்பும் ஆன்டிமனியும் கொஞ்சம் சேர்ப்பார்கள். பழையவற்றில் விஷமான காரீயமும் கலந்திருக்கலாம், அதனால் நான் சேர்த்த குவளைகள் எதிலும் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். ரசத்தை ஊற்றிவிட்டுத்தான் சொம்பை அடுப்பில் ஏற்ற வேண்டும் என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பாள். அம்மா ஒரு தரம் மறந்துபோய் வெறும் சொம்பை ஏற்ற, அடி கழன்று அடுப்பில் வழிந்தது. இங்கேயும் அடி இளகிக் கோணிப்போன குவளை ஒன்று என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. எந்தக் கணப்பின் ஓரத்தில் யார் மறந்து வைத்தார்களோ!

குவளையைக் கவிழ்த்துப் பாருங்கள், அதில்தான் விஷயமே இருக்கிறது. பப் என்கிற மதுக்கடையில் பியர் அளந்து கொடுத்த பாத்திரம் என்பதால், அளவு சரியா என்று ஆய்வாளர் சோதித்து, விளிம்புக்குப் பக்கத்தில் முத்திரை குத்துவார். ஒரு கிரீடம், அரசரின் பெயரெழுத்து, பிற்காலத்தவற்றில் எந்த ஊர் ஆய்வாளர் என்று காட்டும் எண். இம்பீரியல் பைன்ட் என்கிற அளவு 1826-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இன்றைய கணக்கில் 568 மில்லி. என் 6 பவுண்டு குவளையில் 'வி.ஆர்.' என்று இருக்கிறது, அதாவது விக்டோரியா காலம். அடியில் பப்பின் பெயரும் அதை நடத்தியவர் பெயரும் கையால் வெட்டியிருக்கிறது. யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக. நம் வீடுகளில் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவோமே, அதே மாதிரி!

அந்தக் குவளைக்கு ஒரு கெடுதலும் செய்துவிட்டேன். அழுக்கு என்று நினைத்து ஸ்டீல் நாரைப் போட்டுத் தேய்த்தேன். நூறு வருடத்துக்கு மேல் படிந்து வந்த அந்த ஆழமான சாம்பல் நிறம் அரைமணி நேரத்தில் போனது. இப்போது அது நேற்றுக் கடையில் வாங்கியது போல மின்னுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு சங்கடப்படும்.

சரி, கப்பலுக்கு வருகிறேன். நான் வாங்கிய இரண்டாவது குவளை க்யூ.இ.2, அதாவது குவீன் எலிசபெத் 2 என்ற பயணிகள் கப்பலில் விற்ற நினைவுப் பொருள். முன்பக்கம் கப்பலின் படம் போட்ட சின்னப் பதக்கம். 1969-இல் முதல் பயணம் போன அந்தக் கப்பல் 2008 நவம்பரில் இந்த ஊரிலிருந்து துபாய்க்குக் கிளம்பிப் போய்விட்டது. இந்த ஊரில் பல தெருக்களில் வீட்டுக்கு ஒருவர் கப்பலில் ஸ்டூவர்டாகவோ சமையல்காரராகவோ இருந்திருக்கிறார்கள். பெரியவர்கள் காலமாகி வீட்டை ஒழிக்கும்போது மெனு அட்டைகள், பயணிகள் பட்டியல், ஸ்பூன்கள் எல்லாம் வெளியே வரும். குவீன் மேரி கப்பலின் மெனு அட்டைகள் மட்டுமே என்னிடம் பதினொன்று இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது பெட்டியில் ஒட்டும் லேபிள்கள்தான். பயணத்தின்போது தேவைப்படாத பெட்டி என்றால் அதையே பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டுவார்கள். அது நேராகக் கப்பலின் அடித்தளத்துக்குப் போய்விடும்.

இவ்வளவும் சேர்த்த பிறகுதான் தாத்தாவின் கப்பலைத் தேட ஆரம்பித்தேன். அம்மாவின் அப்பா நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ராஜுலா என்ற கப்பலில் போனவர். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல், பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது. கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டை. அதனுடைய ஜோடிக் கப்பல் ரோனா 1943-இல் மத்தியதரைக் கடலில் குண்டுபட்டு மூழ்கி, ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். ராஜுலா தப்பித்து, சுமார் நாற்பத்தேழு வருடம் உழைத்து, 1974-இல் பம்பாயில் உடைபட்டது. கட்டிய புதிதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை, அதாவது அறை இல்லாமல் கப்பல் தளத்திலேயே தங்கிப் போகிறவர்களை, ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. தாத்தாவும் டெக் பயணிதான். படகில் போய்க் கடலில் நின்ற கப்பலில் ஏறினாராம். பாய் விரித்த இடம்தான் அவருடைய அறை.

எட்டு வருடமாகத் தேடுகிறேன். அந்தக் கம்பெனியின் முதல் வகுப்புத் தட்டு கிடைக்கிறது, ஸ்பூன் கிடைக்கிறது. டெக்கில் போனவர்கள் கையில் இருந்தது எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்கு யாரும் மெனு அட்டை அச்சடிக்கவில்லை. டிக்கெட்டை யார் பத்திரப்படுத்தினார்கள்? அத்தனை லட்சம் பயணங்களுக்குச் சாட்சியாக ஒரு துண்டுக் காகிதம் என் அலமாரியில் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

போன மாதம் போனில் பேசும்போது அம்மா சாதாரணமாகச் சொன்னாள், கும்பகோணம் வீட்டில் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்திருக்கிறது, அப்படியே தாத்தாவின் தகரப் பெட்டிக்கும் பெயின்ட் அடித்துவிடலாமா என்று. பழைய போர்வைகள் போட்டு வைத்திருக்கும் பெட்டி. நான் எத்தனையோ தடவை அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன். வீடியோவில் காட்டச் சொன்னேன். மூடியில், துருவுக்கு நடுவே, வெள்ளைப் பெயின்டில் தாத்தாவின் இனிஷியல். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் 'பினாங்கு'.

"துரு பிடிச்சுக் கிடக்கேடி" என்றாள் அம்மா.

தொடவே வேண்டாம், துடைக்கக்கூட வேண்டாம் என்று கெஞ்சினேன். டிசம்பரில் ஊருக்குப் போகிறேன். அதுவரை அதன்மேல் பழைய புடவை ஒன்றைப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். உங்கள் வீட்டுப் பரணிலும் ராஜுலாவில் போய்வந்த பெட்டியோ, டிக்கெட்டோ, தகரத் தட்டோ இருந்தால் தேய்க்காமல், பெயின்ட் அடிக்காமல் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.