வாயை மூட வைத்த ஒரு குதி

நேற்று ராத்திரி 'மிஷன் இம்பாசிபிள்: ஃபால்அவுட்' படத்தை மறுபடி பார்த்தேன். 2018ல் தியேட்டரில் பார்த்தபோது, விமானத்திலிருந்து குதிக்கிற காட்சி முழுக்க கிராபிக்ஸ்தான் என்று அடித்துச் சொன்னவன் நான். அப்புறம் மேக்கிங் வீடியோ பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

கதைப்படி அது பாரிஸ் வானம். எடுத்தது அபுதாபியில், சி-17 ராணுவ விமானத்திலிருந்து, 25,000 அடி உயரத்தில். எனக்கு டாம் குரூஸைவிடப் பிடித்துப்போனது கேமராமேன் கிரெய்க் ஓ'பிரையன்தான். மனுஷன் ஹெல்மெட்டில் கேமராவை மாட்டிக்கொண்டு, பின்கதவு வழியாக முதுகைக் காட்டியபடி முதலில் குதிக்கிறார், ஹீரோ பின்னாலேயே குதித்து அந்த வேகத்தில் கேமராவுக்கு மூன்றடி பக்கத்தில் வந்து சேர வேண்டும், கொஞ்சம் முன்னேபின்னே ஆனாலும் ஃபோகஸ் போச்சு. பொழுது சாய்கிற வெளிச்சம்தான் வேண்டும் என்று இயக்குநர் மெக்குவாரி பிடிவாதம். அது இருப்பதே சில நிமிடம். ஆக ஒரு நாளைக்கு ஒரே டேக். சொதப்பினால் மறுநாள் சாயங்காலம்தான்.

மொத்தம் 106 முறை குதித்தார்களாம்! முகம் தெரிவதற்காக உள்ளே விளக்கு வைத்த ஹெல்மெட்டைத் தனியாகச் செய்திருக்கிறார்கள், ஆக்ஸிஜனும் அதன் வழியாகத்தான்.

மின்னலும் கீழே தெரிகிற பாரிஸும் மட்டும் கிராபிக்ஸ். அப்படியென்றால் நான் அன்று சொன்னதும் கொஞ்சம் சரிதானே? வீட்டம்மா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.