பரம்பரை இரத்தசோகைக் கேள்விகளுக்கு நான் படித்த முறை

முதுநிலை மருத்துவத் தேர்வுக்குப் படித்தபோது, பரம்பரை இரத்தசோகைகளை நோய்வாரியாகப் படிப்பதைக் காட்டிலும், ஓர் இரத்த எண்ணிக்கை அறிக்கையை முன்னால் வைத்துக்கொண்டு தொடங்குவதே எனக்குக் கைகொடுத்தது. ஏனெனில் வினாத்தாளில் நோயின் பெயர் வருவதில்லை, எண்கள்தாம் வருகின்றன.

ஹீமோகுளோபின் 10.8, எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 64, சிவப்பணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 56 லட்சம் என்று ஓர் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். எம்சிவியைப் பார்த்ததும் இரும்புச்சத்துக் குறைபாடு என்று எழுதக் கை பரபரக்கும். ஆனால் இரும்பு போதாத எலும்பு மஜ்ஜையால் இத்தனை சிவப்பணுக்களை உருவாக்க இயலாது. அணுக்கள் சிறுத்தும் எண்ணிக்கை மிகுந்தும் இருந்தால் முதலில் தலசீமியா பண்பையே (ஹீமோகுளோபினை உருவாக்கும் மரபணுக்களில் சில மட்டும் பழுதான, நோயாக முற்றாத நிலை) நினைக்க வேண்டும். எம்சிவியை எண்ணிக்கையால் (மில்லியனில்) வகுக்கும் மென்ட்சர் குறியீடு இங்கே 11.4. அது 13-க்குக் கீழே இருந்தால் தலசீமியா பக்கம் சாய்கிறது என்று கொள்ளலாம். சூத்திரம் மறந்தாலும் மேற்சொன்ன காரணம் மறக்காது.

அடுத்து ஃபெரிட்டினையும் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) ஹீமோகுளோபினின் ஒரு சிறு வகையான ஹீமோகுளோபின் ஏ2 அளவையும் கேட்க வேண்டும். ஏ2 அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டா தலசீமியா பண்பு. தேர்வாளர்கள் கண்ணி வைப்பது இங்கேதான்: உடன் இரும்புச்சத்தும் குறைந்திருந்தால் ஏ2 இயல்பு எல்லைக்குள் இறங்கிவிடக்கூடும், ஆகவே இரும்பை ஈடுசெய்த பின் மறுபடி அளக்க வேண்டும். இரண்டும் இயல்பாயிருந்தும் அணுக்கள் சிறுத்தே இருந்தால் ஆல்பா தலசீமியா பண்பு என்று ஐயுறலாம். நான்கு மரபணுக்களில் இரண்டு இல்லாத இந்நிலையை, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரெசிஸ் சோதனை பொதுவாகக் காட்டாது, மரபணுப் பரிசோதனைதான் காட்டும்.

எம்சிவி இயல்பென்றால் எம்சிஎச்சியை (சிவப்பணுக்களில் ஹீமோகுளோபினின் செறிவு) பாருங்கள். அது 36-ஐத் தாண்டி, ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) கூடி, ஸ்மியரில் (கண்ணாடித் தகட்டில் பூசிய இரத்தத்தில்) நடுவே வெளிறாத உருண்டை அணுக்கள் தெரிந்தால் பரம்பரை ஸ்பீரோசைட்டோசிஸாக இருக்கலாம். தன்னெதிர்ப்புச் சிவப்பணுச் சிதைவிலும் இதே அணுக்கள் தோன்றுவதால், சிவப்பணுக்களில் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் நேரடிக் கூம்ஸ் பரிசோதனை நெகட்டிவ் என்ற வரி இல்லாத விடை அரைகுறை விடைதான்.

ஜி6பிடி (சிவப்பணுக்களைச் சிதையாமல் காக்கும் ஒரு நொதி) குறைபாட்டில், இரத்தம் எடுத்த நாள் முக்கியம். சிதைவு நடந்த உடனே சோதித்தால், முதிர்ந்த அணுக்கள் அழிந்து நொதி மிகுந்த இளம் அணுக்களே எஞ்சியிருப்பதால், முடிவு இயல்பானதுபோல் வந்துவிடக்கூடும். இரண்டு மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

சிகிச்சையைக் கேட்டால், தலசீமியா பண்புள்ளவருக்கு ஃபெரிட்டின் குறையாதவரை இரும்பு மாத்திரை வேண்டாம் என்றும், வாழ்க்கைத் துணையையும் சோதிக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். இருவருக்கும் பீட்டா பண்பு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் இரு பக்கக் குறைபாட்டையும் பெறும் வாய்ப்பு 25 சதவீதம்.