ஒரு நிழல் ஊற்றுங்கள்

வெனிஸில் முதல் நாள் மதியம் உட்கார்ந்து சாப்பிட்டோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு.

சான் மார்கோ சதுக்கத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் உணவகம். வாசலில் ஆறு மொழிகளில் படம் போட்ட மெனு. அந்த மெனுவைப் பார்த்ததுமே திரும்பி நடந்திருக்க வேண்டும். கால் வலி, போய் உட்கார்ந்துவிட்டோம். கடலுணவு ஸ்பகெத்தி என்று வந்ததில் நான்கு மட்டியும் இரண்டு இறாலும் இருந்தன. பில்லில் உட்கார்ந்ததற்குத் தனியாகக் காசு. அதற்கு 'கொபெர்தோ' என்று பெயர். இத்தாலியில் பரவலாக இருக்கிற வழக்கம்தான், மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் போட்டும் இருந்தார்கள். ஆனாலும் என் மனைவி பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்க, நின்னுக்கிட்டே சாப்பிட்டிருக்கலாமோ?" என்றாள்.

அவள் கிண்டலாகத்தான் கேட்டாள். தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் அது நடக்காது. அவசரத்துக்கு ஒரு தோசையை நின்றபடி வாயில் போட்டாலும், "நின்னுக்கிட்டுத் தின்னா உடம்புல ஒட்டாது, உக்காருல" என்று அம்மாவின் குரல் அடுப்படியிலிருந்து வந்துவிடும்.

மறுநாள் மாலைக்கு ஒரு வழிகாட்டியோடு சுற்றும் உணவு நடைக்கு ஊரிலிருந்தே பணம் கட்டியிருந்தேன். மூன்று மணி நேரம், நான்கு கடை, தலைக்கு 85 யூரோ. யூரோவை ரூபாயாக மாற்றிப் பார்க்கும் புத்தியை விமானம் ஏறும்போதே விட்டுவிட வேண்டும் என்பார்கள். எனக்கு அது இன்றுவரை கைகூடவில்லை. முதல் நாள் பில் வேறு மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. இதுவும் அதே கதைதான் என்று நினைத்துக்கொண்டேதான் கிளம்பினேன்.

வெனிஸில் முகவரி கண்டுபிடிப்பது தனிக் கலை. ஊர் ஆறு பகுதிகள். பகுதியின் பெயரும் ஓர் எண்ணும்தான் பெரும்பாலும் முகவரி. அந்த எண் ஆயிரக்கணக்கில் ஓடும், பக்கத்து எண் எந்தச் சந்தில் இருக்கும் என்று கடவுளுக்கே வெளிச்சம். இரண்டு முறை கால்வாயில் போய் முட்டி, பத்து நிமிடம் தாமதமாகச் சேர்ந்தோம். நல்லவேளை, எங்களுக்கு முன்பே தொலைந்துபோன இன்னொரு ஜோடிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். மொத்தம் எட்டுப் பேர்.

வழிகாட்டி வெனிஸிலேயே பிறந்த பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். கொடி, குடை எதையும் தூக்கிப் பிடிக்கவில்லை, ஒலிபெருக்கி இல்லை. நாங்கள் நின்ற குட்டி முற்றத்தின் பெயர் 'கோர்த்தே தெல் மிலியோன்'. மார்கோ போலோவின் குடும்ப வீடு இந்த இடத்தில்தான் இருந்தது என்றார். எந்த ஊர் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தவர் எங்களிடம் வந்ததும், எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "உங்கள் ஊர்க்காரர் எங்கள் ஊர்ப்பக்கம் வந்திருக்கிறார்" என்றேன்.

உண்மைதான். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீனாவிலிருந்து திரும்பும் வழியில் அவர் பார்த்ததாகச் சொல்லும் துறைமுகங்களில் ஒன்று 'காயில்'. அது தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துப் பழையகாயல் என்பது அறிஞர்களின் கணிப்பு. எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போய்விடலாம். அரபுக் கரையிலிருந்து குதிரைகள் கப்பலில் வந்து இறங்குவதைச் சொல்கிறார். அந்த ஊர் ஜனங்கள் எந்நேரமும் ஒரு இலையை வாயில் போட்டு மென்றுகொண்டே இருக்கிறார்கள் என்றும் சொல்கிறார். வெற்றிலையை அவர் 'தெம்பூல்' என்கிறார், நம் தாம்பூலம். இதை நான் சொன்னதும் வழிகாட்டி சிரித்துவிட்டு, "அப்படியானால் இன்று உங்கள் முறை. நாங்கள் வாயில் என்ன போட்டு மெல்லுகிறோம் என்று பார்த்து எழுதுங்கள்" என்றார். இந்தக் கட்டுரைக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

முதல் கடைக்குப் போகும் முன்பே விதிகளைச் சொல்லிவிட்டார். இந்த ஊர்ச் சின்ன மதுக்கடைக்கு 'பாக்கரோ' என்று பெயர். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் இரண்டு வாய்ப் பண்டங்கள் 'சிக்கெத்தி'. உட்காரக் கூடாது. வயிறு நிறையக் கூடாது. ஒரு கடையில் ஒரு கிளாஸ், ஒன்றிரண்டு பண்டம், அப்புறம் அடுத்த கடை. "வயிறு நிறைந்தால் நடக்க மாட்டீர்கள். நடக்காவிட்டால் அடுத்த கடையில் இருக்கிற நண்பனைப் பார்க்க முடியாது" என்றார். இப்படிக் கடை கடையாகப் போவது சுற்றுலாவுக்காக யாரோ கண்டுபிடித்ததில்லையாம். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் முன் இந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாகச் செய்வது.

முதல் கடையில் அவித்த முட்டையில் பாதி, அதன்மேல் உப்பில் ஊறிய நெத்திலி ஒன்று. அவ்வளவுதான் சமையல். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்து வாயில் போட்டேன். அந்த நெத்திலியின் உப்பு முட்டையின் மஞ்சள் கருவில் கரைகிற கணத்தில் கூட வந்த ப்ரொசெக்கோவை ஒரு வாய் உறிஞ்சினால், ஏன் இந்த இரண்டையும் சேர்த்து வைத்தார்கள் என்று புரிகிறது. ப்ரொசெக்கோ நுரைக்கிற வெள்ளை ஒயின், வெனிஸுக்கு வடக்கே மலையடிவாரத்தில் க்ளேரா என்ற திராட்சையிலிருந்து வருகிறது. என் மனைவி குடிப்பதில்லை. அவளுக்குக் கினோத்தோ என்று ஒரு குளிர்பானம் வந்தது. பார்க்கக் கோலா மாதிரி இருந்தாலும், கசப்பு ஆரஞ்சுச் சாறு. ஒரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். கடைசியில் மற்ற மூன்று கடையிலும் அதையேதான் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

அங்கிருந்து சான்தா சோஃபியா படித்துறை. பெரிய கால்வாயைக் கடக்க அங்கே 'த்ராகெத்தோ' என்ற படகு உண்டு. பழைய கொண்டோலாதான், ஆனால் மெத்தை, அலங்காரம் எதுவும் இல்லாமல், முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் துடுப்புப் போடுகிற பரிசல்துறை வேலை. வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ. உள்ளூர்க்காரர்கள் இதிலும் நின்றுகொண்டே போகிறார்கள். நானும் நின்றேன். ஒரு மோட்டார் படகு பக்கத்தில் போனதும் அலை வந்து தட்ட, மரியாதையாக உட்கார்ந்துவிட்டேன்.

அக்கரையில் ரியால்தோ மீன் சந்தை. காலையில்தான் வியாபாரம். நாங்கள் போனபோது கழுவிவிட்ட தரையும் நான்கைந்து கடற்காகங்களும்தான் மிச்சம். ஆனால் சுவரில் ஒரு பளிங்குப் பலகை இருக்கிறது. எந்த மீன் குறைந்தது எவ்வளவு நீளம் இருந்தால் விற்கலாம் என்று பழைய காலத்தில் செதுக்கி வைத்தது. சாளைக்கு 7 சென்டிமீட்டர், விலாங்குக்கு 25. மீன்குஞ்சைப் பிடிக்காதே என்பதைச் சட்டமாகக் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். சந்தையை ஒட்டி ஒரு தெரு. பெயர் 'ரூகா தெய் ஸ்பெட்சியேரி', மளிகை வாசனைச் சரக்கு வணிகர்களின் தெரு. மலபார்க் கரை மிளகு செங்கடல் வழியாக அலெக்சாந்திரியா போய், அங்கிருந்து வெனிஸ் கப்பலில் ஏறி, இங்கேதான் ஐரோப்பாவுக்கே விலை பேசப்பட்டது. 1498-இல் வாஸ்கோ ட காமா கடல் வழியாகவே கோழிக்கோட்டில் வந்து இறங்கிய செய்தி இந்தத் தெருவில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

இரண்டாவது கடை 'தோ மோரி'. 1462-இலிருந்து இருப்பதாகச் சொல்கிறார்கள். உள்ளே இருட்டு. கூரை முழுக்கச் செம்புக் குடங்கள் தொங்குகின்றன. நாற்காலி கிடையாது. தபால்தலை அளவு சாண்ட்விச்சுக்குப் பெயரே 'ஃப்ரான்கொபொல்லி', அதாவது தபால்தலை. இங்கேதான் வழிகாட்டி அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தார். வெனிஸ்காரர் ஒரு சின்னக் கிளாஸ் ஒயின் வேண்டுமென்றால் ஒயின் என்று கேட்பதில்லை. 'ஓம்ப்ரா' என்று கேட்பார். ஓம்ப்ரா என்றால் நிழல்.

சான் மார்கோ சதுக்கத்தின் மணிக்கூண்டு நிழலில் ஒரு காலத்தில் ஒயின் வண்டிகள் நிற்குமாம். வெயில் நகர நகர, ஒயின் சூடாகாமலிருக்க வண்டியையும் நிழலோடு நகர்த்துவார்களாம். அதனால் 'நிழலுக்குப் போவோம்' என்றால் குடிக்கப் போவோம் என்று ஆகிவிட்டது. "கதைதான், ஆதாரம் கேட்காதீர்கள்" என்றார். எனக்கு ஆதாரம் வேண்டியிருக்கவில்லை. வேறொன்று கேட்கத் தோன்றியது. அந்தக் கூண்டு 1902 ஜூலை 14 அன்று காலை அப்படியே சரிந்து விழுந்துவிட்டது. முன்பு இருந்த இடத்தில், முன்பு இருந்த மாதிரியே கட்டி 1912-இல்தான் திறந்தார்கள். அந்தப் பத்து வருடம் நிழலுக்கு என்ன செய்தார்கள்? கேட்டேன். "வெயிலில் நின்று குடித்திருப்பார்கள்" என்றார்.

மூன்றாவது கடைதான் என் மனைவியின் கடை. தட்டில் வெள்ளை மக்காச்சோளக் களியைச் சதுரமாக வெட்டிச் சுட்டு, அதன்மேல் வெண்ணெய் போல ஏதோ தடவி வைத்திருந்தது. 'பக்கலா மந்தெகாத்தோ' என்றார்கள். ஒரு கடி கடித்தவள் என் காதருகே வந்து, "ஏங்க, இது கருவாடுங்க!" என்றாள். கருவாட்டு ஊரில் பிறந்தவளை ஏமாற்ற முடியுமா?

கருவாடேதான். 1431-இல் பியேத்ரோ குவெரினி என்ற வெனிஸ் வணிகர் கிரீட் தீவிலிருந்து கப்பல் நிறைய ஒயினோடு, இன்றைய பெல்ஜியம் பக்கத்து ஃப்ளாண்டர்ஸுக்குக் கிளம்பினார். புயலில் கப்பல் போய், சிலர் மட்டும் சின்னப் படகில் தத்தளித்து, 1432 தொடக்கத்தில் நார்வேயின் வடபகுதியில் ரோஸ்த் என்ற தீவில் கரையேறினார்கள். அந்தத் தீவு மீனவர்கள் அவர்களை மாதக்கணக்கில் வைத்துச் சோறு போட்டார்கள். காட் மீனைக் குளிர்காற்றில் தொங்கவிட்டுக் கட்டையாகும்வரை காயவைப்பது அவர்கள் வழக்கம். ஒயின் விற்கக் கிளம்பியவர் அந்தக் கருவாட்டோடு ஊர் திரும்பினார் என்கிறார்கள். இன்றும் வெனிஸுக்கு அந்த மீன் அங்கிருந்துதான் வருகிறது. நாள்கணக்கில் ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெயை நூலாக விட்டுக்கொண்டே அடித்து அடித்து நுரைக்க வைக்கிறார்கள். இத்தாலியில் மற்ற இடங்களில் பக்கலா என்றால் உப்புப் போட்ட மீன், வெனிஸிலும் அதைச் சுற்றியுள்ள பகுதியிலும் இந்த உப்பில்லாத மீனுக்கு அந்தப் பெயர். இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவள் நம்பவே இல்லை. "உப்பில்லாமக் கருவாடா? புழு வைக்காதா?" வழிகாட்டியிடம் கேட்டோம். அந்தக் குளிரில் ஈயே இருக்காது என்றார். அவளுக்கு அது சரியான பதிலாகப் பட்டது.

அதே கடையில் 'சார்தே இன் சாவோர்'. சாளையைப் பொரித்து, வினிகரில் வதக்கிய வெங்காயத்தை மேலே அடுக்கி, உலர்திராட்சையும் பைன் கொட்டையும் போட்டு ஊறவைப்பது. கப்பலில் நாள்பட வைத்திருக்க மாலுமிகள் கண்டுபிடித்த வழியாம். செய்த அன்று சாப்பிடக் கூடாதாம், ஒன்றிரண்டு நாள் போக வேண்டும். முந்தின நாள் மீன்குழம்பின் ருசி தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. திராட்சைதான் எனக்கு ஒத்துவரவில்லை. மீனில் இனிப்பு எதற்கு?

கடைசிக் கடை கால்வாய் ஓரம். ஸ்பிரிட்ஸ் வந்தது. ஆஸ்திரியர் ஆட்சியில் அவர்களுடைய படைவீரர்களுக்கு இந்த ஊர் ஒயின் காட்டமாக இருக்கவே தண்ணீர் விட்டுக் குடித்ததில் பிறந்த பெயராம். இப்போது ப்ரொசெக்கோ, சோடா, கூட ஒரு கசப்பு மது. வெனிஸ்காரர்கள் 1920-இல் இதே ஊரில் உருவான செலெக்டைத்தான் ஊற்றச் சொல்கிறார்கள், மேலே ஒரு பச்சை ஆலிவ் காய். செக்கச்செவேல் என்று பார்க்க அழகு. குடித்தால் நிலவேம்புக் கஷாயத்தில் சர்க்கரை போட்ட மாதிரி. ஊரே ரசித்துக் குடிக்கிறது, நான் பாதியை வைத்துவிட்டேன்.

திரும்பும்போது ரியால்தோ பாலம் தாண்டி ஒரு மருந்துக்கடையின் கண்ணாடியைக் காட்டினார். உள்ளே மின்னெழுத்தில் ஓர் எண். தீவு நகரத்தில் இன்றைக்கு வசிப்பவர்களின் கணக்கு. 1951-இல் 1,75,000 பேர் அளவில் இருந்த ஊர், 2022-இல் 50,000-க்குக் கீழே இறங்கிவிட்டது. அவருடைய மகனே கடல் பாலம் தாண்டி, நிலப்பகுதியில் இருக்கிற மேஸ்த்ரேயில்தான் இருக்கிறானாம், இங்கே வாடகை கட்டுப்படியாகவில்லை. வருத்தமாகச் சொல்லவில்லை, பேருந்து நேரம் சொல்வது போலச் சொன்னார். அடுத்த கடையில் பார்க்க வேண்டிய நண்பன் என்று அவர் மாலையில் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது.

85 யூரோவுக்கு இந்தச் சாப்பாடு தகுமா என்று கேட்டால், தகாது. கடைக்கு நேராகப் போயிருந்தால் அதில் பாதி கூட ஆகியிருக்காது. ஆனால் எங்கே நிற்பது, எதைக் காட்டிக் கேட்பது, எப்போது கிளம்புவது என்று தெரியாமல் மீண்டும் படம் போட்ட மெனுவுக்குத்தான் போயிருப்போம்.

மறுநாள் நாங்களாகவே போனோம். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். 'உன் ஓம்ப்ரா தெ பியாங்கோ.' உன் என்றால் அவர்கள் மொழியில் ஒன்று, பியாங்கோ என்றால் வெள்ளை. கடைக்காரப் பெரியவரிடம் சொன்னபோது, உன் நிழலைக் கொடு என்று அவரிடமே கேட்பதுபோல் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்காமல் ஊற்றினார். அவள் கண்ணாடிப் பெட்டியைத் தொட்டுக் கருவாட்டைக் காட்டி இரண்டு விரல் நீட்டினாள். அப்புறம் இன்னும் இரண்டு. பக்கத்தில் சுமை இறக்கும் ஆள் ஒருவர் தள்ளுவண்டியை வாசலில் விட்டுவிட்டு வந்து, தன் நிழலை ஒரே மடக்கில் முடித்துவிட்டுப் போனார்.

மேடையில் முழங்கையை ஊன்றி நின்றபடி கடைசித் துண்டையும் முடித்தவள், விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க குடிச்சதைக்கூடச் சொல்லிக்கோங்க. நின்னுக்கிட்டுச் சாப்பிட்டோம்னு மட்டும் அத்தைகிட்ட சொல்லிராதீங்க."