பட்டாளத்துத் தாத்தா

எங்கள் தெருவின் பட்டாளத்துத் தாத்தா நேற்று விடியற்காலையில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளம் புதிதல்ல. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். 1962 சீனப் போருக்குப் பிறகு ஆள் எடுத்தபோது, வீட்டில் சொல்லாமல் போய் நெஞ்சளவு கொடுத்தவர் இவர். வெலிங்டனில் பயிற்சி, பிறகு மதராஸ் ரெஜிமெண்ட். 1971 டிசம்பர் பாகிஸ்தான் போரில் மேற்கு எல்லை. அதற்குக் கிடைத்த பஷ்சிமி ஸ்டார் பதக்கம், பச்சை டிரங்குப் பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில், ஒரு மூக்குப்பொடி டப்பாவுக்குள் கிடந்தது. போரைப் பற்றிக் கேட்டால், "குளிர், தம்பி, அப்படி ஒரு குளிர்" என்பதோடு சரி. மேற்கொண்டு மூச்சு விடமாட்டார்.

உழவு மாடுகளிடம் மட்டும் இந்தி. "பீச்சே முட்" என்றால் காளைகள் திரும்பும். நாங்கள் வரப்பில் விழுந்து சிரிப்போம். கேன்டீன் ரம்மில் அவருக்கு ஒரு மூடி. மிச்சமெல்லாம் தெருவின் இருமல் மருந்து. (எனக்கும் சேர்த்துத்தான்.) நவம்பர் பிறந்தால் முகம் மழித்து, இஸ்திரி மடிப்புக் கலையாமல் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கக் கிளம்புவார். "உயிரோடு இருக்கிறேன் என்று ரிப்போர்ட் செய்துவிட்டு வருகிறேன்" என்பார்.

சுடுகாட்டுக்கு முன்னாள் வீரர்கள் நாலைந்து பேர் பதக்கங்களோடு வந்திருந்தார்கள். ஒருவர் கைத்தடியைப் பேரனிடம் கொடுத்துவிட்டு, நடுங்கும் கையால் சல்யூட் அடித்தார். கொள்ளி வைத்ததும், திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னார்கள். எல்லோரும் நடந்தோம். அவர் மட்டும் கையை இறக்கவில்லை.