சிஜியில் பார்த்துக்கொள்ளலாம்

படப்பிடிப்புத் தளத்தில் ஒரு நாளைக்குக் குறைந்தது பத்து முறையாவது என் காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "சிஜியில பாத்துக்கலாம் சார்." சிஜி என்றால் கணினி வரைகலை; படத்தில் வேண்டாததை அழிப்பதும் இல்லாததைச் சேர்ப்பதும்தான் என் தொழில். கிணற்றுச் சுவரோரம் யாரோ மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலாக இருந்தாலும் சரி, வானத்தைக் குறுக்கே வெட்டும் மின்கம்பியாக இருந்தாலும் சரி, அதை அங்கேயே அகற்ற ஆகும் ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்த அந்த ஒரு வாக்கியம் போதும். தொழிலுக்கு வந்த புதிதில் அதைக் கேட்கப் பெருமையாக இருந்தது. இப்போது, என் பெயரில் வேறு யாரோ கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதைப் பார்ப்பது போல இருக்கிறது.

1998-இல் வடபழனியில் ஒரு மாடி அறையில் இயங்கிய சிறு நிறுவனத்தில், சண்டைக் காட்சிகளில் நாயகனைத் தாங்கும் ரோப்பை, அதாவது கம்பியை, படத்திலிருந்து அழிக்கும் வேலையில் சேர்ந்தேன். வினாடிக்கு 24 பிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள், என்பதால் நான்கு வினாடி ஷாட்டுக்கு 96 பிரேம்களில் அந்தக் கம்பியைத் தேடித் தேடி அழிக்க வேண்டும். ஃபிலிமிலிருந்து ஸ்கேன் ஆகி வரும் ஒவ்வொரு பிரேமும் ஏறக்குறைய 12 மெகாபைட் இருந்தது. அந்த நான்கு வினாடியே ஒரு கிகாபைட்டைத் தாண்டிவிடும் என்பதால், முடித்த ஷாட்டை அனுப்பிவிட்டு வன்தட்டைக் காலி செய்தால்தான் அடுத்ததை ஏற்ற முடியும்.

என் வயதுக்காரர்கள் பலரை இந்த வேலைக்கு இழுத்து வந்தது 1994-இல் வெளியான 'காதலன்' படத்தின் 'முக்காலா முக்காபுலா' பாடல்தான். தலையும் கைகளும் மறைந்து உடைகள் மட்டும் ஆடும் அந்தக் காட்சியைப் பார்த்து, தலையை அழித்த சாமர்த்தியத்தை நாங்கள் வியந்தோம். அப்படத்துக்காக எஸ்.டி. வெங்கிக்குத் தேசிய விருதும் கிடைத்தது. தொழிலுக்குள் வந்த பிறகே, அழிப்பதைவிட அழித்த இடத்தை நிரப்புவதுதான் பெரிய வேலை என்பது விளங்கியது. தலை இருந்த இடத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தெரிய வேண்டுமானால், ஆள் யாரும் இல்லாமல் அதே இடத்தை அதே வெளிச்சத்தில் எடுத்த வெற்றுக் காட்சி, அதாவது கிளீன் பிளேட், கையில் இருக்க வேண்டும். அது இருந்தால் ஒரு நாள் வேலை; இல்லாவிட்டால் ஒரு வாரம்.

பதினோரு ஆண்டுகள் கழித்து மேற்பார்வையாளர் ஆனபோது கணினியைத் தொடும் நேரம் பாதியாகக் குறைந்து, கையில் அளவு நாடாவும் நோட்டுப் புத்தகமும் வந்து சேர்ந்தன. எந்த லென்ஸ், தரையிலிருந்து கேமரா எவ்வளவு உயரம், எவ்வளவு சாய்வு, நடிகர் எத்தனை அடி தூரத்தில் நின்றார் என்பதை ஒவ்வொரு ஷாட்டுக்கும் குறித்துக்கொள்கிறேன். ஷாட் முடிந்ததும், கண்ணாடி போல மின்னும் உருண்டை ஒன்றையும் மங்கிய சாம்பல் நிற உருண்டை ஒன்றையும் நடிகர் நின்ற இடத்திலேயே வைத்துப் படம் எடுக்கிறோம். மின்னும் உருண்டையில் சுற்றியிருக்கும் எல்லா விளக்குகளும் சுவர்களும் தெரியும். சாம்பல் உருண்டையில் வெளிச்சம் எந்தப் பக்கம் கடினமாகவும் எந்தப் பக்கம் மென்மையாகவும் விழுகிறது என்பது தெரியும். கணினியில் உருவாக்கும் பொருளின் மீதும் அதே வெளிச்சத்தை விழவைத்தால்தான் அது காட்சியோடு ஒட்டும். இதற்கெல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்காக நான் கெஞ்சிய கெஞ்சல்களைக் கணக்கெடுத்தால் அது தனி நோட்டாகும்.

பின்னணியைப் பிறகு கணினியில் மாற்றுவதற்காக நடிகருக்குப் பின்னால் கட்டும் பச்சைத் துணியான கிரீன் மேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிஜிட்டல் கேமராவின் சென்சாரில் நான்கு புள்ளிகளுக்கு இரண்டு பச்சையை வாங்குபவை. ஆகவே பச்சைதான் சுத்தமாகப் பதிவாகும். ஆனால் நாயகியை மேட்டை ஒட்டி நிற்க வைத்துவிட்டால், துணியிலிருந்து திரும்பும் பச்சை வெளிச்சம் அவருடைய தலையில் உள்ள மல்லிகைச் சரத்தில் ஏறிக்கொள்ளும். வெள்ளை இதழ்களின் ஓரமெல்லாம் இலைப்பச்சையாகிவிடும். அதை நீக்கப் போனால் பூ சாம்பலாகி வாடியது போலத் தெரியும். பத்தடி முன்னே வந்து நிற்கச் சொன்னால் தீர்கிற விஷயம் இது.

விலங்குகளைப் படத்தில் பயன்படுத்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும் என்பதால், கிராமத்துக் கதைகளிலும் எங்களுக்கு வேலை வந்துவிட்டது. அப்படி ஒரு படத்தில், ஊர்த் தெருவில் நாயகனோடு நடந்து வரும் காளையைக் கணினியில் உருவாக்க வேண்டியிருந்தது. மாலை வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, நடிகர் கிளம்ப வேண்டும், உதவி இயக்குநர் அந்த வாக்கியத்தைச் சொன்னார், நான் தலையாட்டிவிட்டேன். உருண்டைகள் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. இரண்டு மாதம் கழித்துக் காளையைக் காட்சிக்குள் வைத்தபோது அதன் தோலும் திமிலும் நடையும் சரியாகவே இருந்தன, ஆனால் தெருவில் ஒட்டவைத்த காலண்டர் படம் போல நின்றது. கணினிக்குள் காளைக்கு லைட்டிங் செய்த பிள்ளைகள் மூன்று வாரம் இரவு பகலாக ஊகித்து ஊகித்து விளக்குகளை மாற்றினார்கள். குற்றம் அவர்களுடையதல்ல என்பது எனக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது.

கடைசியில் ஒரு பெண்தான் கண்டுபிடித்தார். காட்சியின் வலது ஓரத்தில், ஒரு வீட்டுத் திண்ணையில், கலை இயக்குநரின் ஆட்கள் வைத்திருந்த எவர்சில்வர் குடம் ஒன்று இருந்தது. அதன் வயிற்றுப் பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தால், இடப்பக்கம் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த நீளச் சுவர், மேலே வேப்பமரத்தின் கறுப்பு, கேமராவுக்குப் பக்கத்தில் யாரோ பிடித்திருந்த தெர்மாகோல் பலகை என அன்றைய மாலை முழுவதும் வளைந்து கிடந்தது. சுவரிலிருந்து திரும்பிய வெளிச்சத்தைத்தான் நாங்கள் மூன்று வாரமாகத் தவறவிட்டிருந்தோம். அதைச் சேர்த்ததும் இரண்டே நாளில் காளை தரையில் கால் ஊன்றியது. அன்றிலிருந்து எங்கள் குழுவில் மின்னும் உருண்டைக்குப் பெயர் குடம்.

இந்த மாதிரி மூன்று வாரங்களுக்குக் கணக்கில் இடம் கிடையாது. திரைக்கதையில் 'ஏரி உடைந்து ஊருக்குள் வெள்ளம் வருகிறது' என்று ஒரே வரி இருக்கும். அதைப் படித்துவிட்டு எத்தனை ஷாட், எத்தனை ஆட்கள், எத்தனை நாட்கள் என்று கணித்து முன்கூட்டியே ஒரு தொகையைச் சொல்ல வேண்டும். பிறகு ஏரி கடலாக மாறினாலும் தொகை பெரும்பாலும் மாறாது. இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமல்ல. புதுச்சேரியிலும் படமாக்கப்பட்ட 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம், 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. அதே மாதத்தில்தான் அந்தப் புலிக்கு ஆஸ்கரும் கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் எங்கள் அலுவலகத்தில் யாரும் அதிகம் பேசவில்லை.

போன மாதம் ஒரு படப்பிடிப்பில் மறுபடியும் அதே மாலை நேரம், அதே அவசரம். ஷாட் ஓகே ஆனதும் இளம் உதவி இயக்குநர் ஒருவர் என்னிடம் ஓடி வந்து, "லைட் போகுது சார், இத சிஜியில பாத்துக்கலாம்ல?" என்றார். நான் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள், பல படங்களில் எங்களோடு வேலை பார்த்த லைட்மேன் ஒருவர் பின்னாலிருந்து, "அண்ணே, இன்னும் குடம் வைக்கலயே?" என்று கேட்டபடி ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு நடிகர் நின்ற இடத்துக்கு நடந்தார். ஒளிப்பதிவாளர் கேமராவை இன்னும் நிறுத்தியிருக்கவில்லை.