கூலண்ட் எங்கே போய்ச் சேர்கிறது?

கோவையில் ஒரு பட்டறையில் சி.என்.சி. லேத் (கணினி இயக்கும் கடைசல் எந்திரம்) பிரிவை நான் கவனித்துவந்த காலத்தில், இன்கோனல் 718 என்ற நிக்கல் கலவையாலான வளையங்கள் சில முதன்முறையாகக் கடைசலுக்கு வந்தன. அதுவரை கார்பன் எஃகும் வார்ப்பிரும்பும் கடைந்து பழகியிருந்த எங்களுக்கு, ஒரு வளையம் முடிவதற்குள்ளாகவே இன்சர்ட்டின் (கருவியில் பொருத்தும் வெட்டுத்துண்டின்) முனை பொரிந்துபோவது புதிய அனுபவமாக இருந்தது. உடனே நாங்கள் செய்தது எண்ணெய் கலந்த குளிர்விப்பு நீரான கூலண்டின் வால்வை முழுதாகத் திறந்துவிட்டதுதான். பால் நிறத்தில் வெள்ளமாகக் கொட்டியது. முனை முன்போலவே போயிற்று.

காரணத்தைத் தேடினால் முதலில் அகப்படுவது வெப்பக் கடத்துத்திறன். சாதாரணக் கார்பன் எஃகுக்கு அது மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 50 வாட்; இன்கோனல் 718க்கு ஏறத்தாழ 11; விமானத் துறையில் மிகுதியாகப் பயன்படும், 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் கலந்த டைட்டானியத்துக்கு 7 அளவில்தான். எஃகைக் கடையும்போது வெப்பத்தின் பெரும்பகுதியை, சீவப்பட்டு வரும் உலோகச் சுருள் தன்னோடு கொண்டுபோய்விடும். இன்கோனலிலும் டைட்டானியத்திலும் வெப்பத்துக்குப் போக வழியில்லாததால் அது வெட்டுமுனையிலேயே தேங்குகிறது. போதாக்குறைக்கு, இன்கோனல் 718 ஏறக்குறைய 650 டிகிரி செல்சியஸ் வரையிலும் தன் வலிமையை விட்டுக்கொடுக்காது. வெட்ட வெட்ட அதன் மேற்தோல் இறுகியும் போகும். அடுத்த வெட்டில் இன்சர்ட்டின் விளிம்பு அந்த இறுகிய தோலைச் சந்திக்கும் கோட்டில்தான் பள்ளம் விழுகிறது. எங்கள் இன்சர்ட்டுகள் எல்லாவற்றிலும் பள்ளம் அதே இடத்தில் இருந்தது.

அவ்வளவு கூலண்ட் கொட்டியும் பயனில்லாமல் போனதற்கு விடை, சுருளுக்கும் இன்சர்ட்டின் மேல்முகத்துக்கும் இடையில் இருக்கிறது. அங்கே சுருள் பெரும் அழுத்தத்தோடு ஒட்டிக்கொண்டு நகர்வதால், மேலிருந்து விழும் நீர்மம் உள்ளே நுழைய இடுக்கே இல்லை. அருகில் சென்ற நீரும் கொதித்து ஆவிப்படலமாகி, பின்னால் வரும் நீரைத் தடுத்துவிடுகிறது. சூடான தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நாங்கள் சுருளின் முதுகைத்தான் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம். 1907இல் அச்சான தம் உலோக வெட்டு ஆய்வில் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர், வெட்டு நிகழும் இடத்திலேயே சுருளின்மீது நீரைத் தாராளமாகப் பாய்ச்சினால் வேகத்தை 30 முதல் 40 விழுக்காடு வரை கூட்டலாம் என்று பதிவுசெய்தபோதே, இடத்தையும் சேர்த்துத்தான் சொன்னார். நாங்கள் ‘தாராளம்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

பின்னர் 70 பார் (காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 70 மடங்கு) அழுத்தப் பம்பும், இன்சர்ட்டைத் தாங்குவதோடு உள்துளை வழியே கூலண்டும் வரும் டூல் ஹோல்டரும் வாங்கப்பட்டன. மெல்லிய தாரை, சுருள் மேல்முகத்தை விட்டுப் பிரியும் இடுக்கைக் குறிபார்த்துப் பாய்கிறது. சுருளைச் சற்றே தூக்கி, அது முகத்தில் உரசும் நீளத்தைக் குறைத்து, நீண்ட நாடாவாக வரவேண்டியதைத் துண்டுதுண்டாக ஒடித்தும் விடுகிறது. சுருள் சிக்காமல் வந்ததே எங்களுக்குப் பாதி நிம்மதி. ஆனால் தாரை வெளிவரும் நாசில் ஒரு சில டிகிரி விலகினாலும் பழைய கதைதான் என்பதையும், வடிகட்டி நுண்ணியதாக இல்லாவிட்டால் அந்தச் சிறு துளை அடைத்துக்கொள்ளும் என்பதையும், நுரை வந்தால் பம்பு காற்றைத்தான் தள்ளும் என்பதையும் ஒவ்வொன்றாகப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

மணிக்கு 50 மில்லிலிட்டர் அளவே எண்ணெயைக் காற்றோடு கலந்து பனியாகத் தூவும் முறையைப் பலர் பரிந்துரைத்தார்கள். அலுமினியத்துக்கும் வார்ப்பிரும்புக்கும் அது மிக நன்று. உராய்வைக் குறைக்கும் அந்த எண்ணெய் வெப்பத்தை வாரிக்கொண்டு போகாது என்பதால், நிக்கல் கலவைகளைக் கடைய அதை மட்டும் நம்பி இறங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

திரவ நைட்ரஜனின் கதை வேறு. மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் அது, குளிர்வித்துவிட்டுக் காற்றோடு கலந்துபோகும். பாகத்தைக் கழுவ வேண்டிய வேலையும் இல்லை. எனினும், தாரை தவறிப் பாகத்தின்மேல் பட்டால் டைட்டானியம் குளிரில் மேலும் வலுத்துக்கொள்ளும். அளவும் சுருங்கிக் காட்டும். மூடிய அறையில் ஆக்சிஜன் குறைவது அதைவிடப் பெரிய ஆபத்து. இதே வேலைக்குப் பயன்படும் கார்பன் டையாக்சைடோ, சிலிண்டரில் அழுத்தத்தால் அறை வெப்பத்திலேயே திரவமாக இருந்து, நாசிலை விட்டு வெளிவந்த பிறகே உறைபனியாகிறது. ஆகவே அதன் குழாய்க்கு வெப்பக் காப்பு உறை தேவைப்படுவதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் நேர்மாறாக, செராமிக் கட்டர் கொண்டு நிக்கல் கலவையை மில்லிங் (சுழலும் கட்டரால் சீவுதல்) செய்பவர்கள் கூலண்டையே நிறுத்திவிடுகிறார்கள். பல மடங்கு வேகத்தில் பிறக்கும் வெப்பமே முனைக்கு முன்னால் உள்ள உலோகத்தை இளக்கித் தருகிறது. கூலண்ட் பட்டுச் சுற்றுக்கொருமுறை சூடும் குளிருமாக மாறினால் செராமிக்கில் விரிசல் விழும். காற்று ஊதிச் சுருளை அகற்றினால் போதும்.

எங்கள் பட்டறைக்குத் திரும்பினால், கடைசியில் எங்களைத் தடுமாறவைத்தது தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோவது போலவே, அதே தண்ணீரில் கலக்கிய கூலண்டும் திரிந்து, எண்ணெய் மேலே பிசுக்காக மிதந்தது. அந்தப் பிசுக்கு வடிகட்டியில் படியப் படிய 70 பார் தாரையும் தளர்ந்தது. இப்போது கூலண்டில் எண்ணெயின் அளவு, அதைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 8 விழுக்காட்டுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறோம். தண்ணீரில்தான் எண்ணெயை ஊற்றுகிறோம், எண்ணெயில் தண்ணீரை அல்ல. அந்த லேத்துக்கு மட்டும் சிறுவாணித் தண்ணீர் டிரம்மில் தனியாக வருகிறது. அதில் ஒரு சொம்பு குடிக்க எடுத்தாலும் ஆபரேட்டர் முறைக்கிறார்.