பூவரசுப் பலகையும் ஒன்றேகால் மில்லிமீட்டரும்

பொள்ளாச்சிப் பக்கம் அத்தை வீட்டு வாசலில் ஒரு பூவரச மரம் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் ஆடிக் காற்றில் சாய்ந்துவிட்டது. அடிமரத்தை மில்லில் கொடுத்து அறுத்ததில், வெடிப்பு இல்லாமல் தேறியது ஒரே ஒரு பலகைதான். அதை நிழலில் நன்றாகக் காயவைத்து என்னிடம் கொடுத்தார். “பூவரசுன்னு பேர் வெட்டிக் குடு கண்ணு, வாசல்ல மாட்டிக்கலாம்” என்றார். இன்னொரு பலகை கிடையாது. அதனால்தான் இந்த வேலையை இவ்வளவு நிதானமாகச் செய்தேன்.

என்னிடம் இருப்பது வீட்டிலேயே கட்டிய சிறிய சிஎன்சி ரவுட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்கிறபடி நகர்ந்து மரத்தைச் செதுக்கும் மெஷின். அடி அடியாக (ஸ்டெப்) நகரும் மூன்று ஸ்டெப்பர் மோட்டார், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் பால் ஸ்க்ரூ என்ற திருகுத் தண்டு, வெட்டும் பிட்டைச் சுழற்ற மரத்துக்குப் போதுமான ஒரு ஸ்பிண்டில். இதை ஓட்டுவது ஒரு பழைய கோர் 2 டியோ கம்ப்யூட்டர். மூடிவிட்ட ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து வாங்கியது, 2 ஜிபி ரேம். டெபியன் 12 என்ற லினக்ஸ் போட்டு, அதில் மெஷினை நகர்த்தும் லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருள் ஓடுகிறது.

இவ்வளவு பழைய கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்கிறார்கள். அதன் முதுகில் 25 ஓட்டை உள்ள பிரிண்டர் போர்ட் இருக்கிறது, அதற்காகத்தான். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் செருகிய அதே பேரலல் போர்ட். அதன் வெளியீட்டுப் பின்கள் ஒவ்வொன்றையும் மென்பொருளே நேரடியாக ஏற்றி இறக்கலாம். ஒரு பின்னுக்கு ஒரு துடிப்பு கொடுத்தால் மோட்டார் ஒரு ஸ்டெப் நகரும். பக்கத்துப் பின் எந்தத் திசை என்று சொல்லும். யூஎஸ்பியில் செருகும் பேரலல் போர்ட் கன்வர்ட்டர் இந்த வேலைக்கு உதவவே உதவாது. தகவல் பொட்டலம் பொட்டலமாகப் போவதால், துடிப்பு எந்த நொடியில் வெளியே வரும் என்று சொல்ல முடியாது. போர்ட் இல்லாத கம்ப்யூட்டர் என்றால் பிசிஐ கார்டு ஒன்று வாங்கிப் போடலாம், அது வேலை செய்யும்.

லினக்ஸ்சிஎன்சியின் வேர் அமெரிக்க அரசின் தர அளவை நிறுவனமான நிஸ்டில், 90களில் எழுதப்பட்ட இஎம்சி என்ற மென்பொருளில் இருக்கிறது. அரசுப் பணத்தில் எழுதியதை எல்லோருக்கும் திறந்து விட்டார்கள். இன்று என் ஷெட்டில் ஒரு பழைய டப்பா பால் ஸ்க்ரூவைச் சுற்றுகிறது என்றால் அந்த முடிவுதான் காரணம். அவர்கள்மேல் எனக்கு உண்மையான நன்றி உண்டு.

இந்த வேலைக்கு கம்ப்யூட்டரின் வேகத்தைவிட முக்கியம், சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பது. நிரல் மைக்ரோ நொடிக் கணக்கில் விழித்துத் துடிப்பு அனுப்ப வேண்டும். எவ்வளவு தாமதமாக விழிக்கிறது என்று பார்க்க லேட்டன்சி டெஸ்ட் என்று ஒன்று உண்டு. அதை ஓடவிட்டு, சுற்றும் பல்சக்கரப் படம் நாலு ஜன்னலில், பின்னால் ஒரு பெரிய ஃபைல் காப்பி என்று கம்ப்யூட்டரைப் பாடாய்ப்படுத்தினேன். முதல் நாள் 1,40,000 நானோ நொடி காட்டியது. பயாஸில் மின்சாரம் மிச்சப்படுத்தும் ஒவ்வொன்றையும் அணைத்தேன். இரண்டு கோர்களில் ஒன்றை லினக்ஸ் தொடாமல் ஒதுக்கி வைத்தேன். 22,000க்கு, அதாவது 22 மைக்ரோ நொடிக்கு, இறங்கியது. 30 மைக்ரோ நொடிக்கு ஒரு துடிப்பு என்று வைத்தாலும், என் மெஷினுக்குத் தேவையானதைப்போல் இரண்டு மடங்கு கிடைக்கிறது.

சரி, வெள்ளோட்டம். பூவரசைத் தொடுவதற்கு முன் அதே அளவு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) துண்டில் வெட்டிப் பார்த்தேன். எழுத்து புடைப்பாக நிற்க வேண்டும். 3 மி.மீ. பிட் இடமும் வலமுமாகப் போய்வந்து பின்புலத்தை நாலு அடுக்காக எடுக்கும். கடைசியில் எழுத்தின் விளிம்பை ஒரே சுற்றாகச் சீவும். பின்புலம் முடிந்ததும் மரத்தூளை ஊதிவிட்டுக் குனிந்து பார்த்தேன். ‘சு’வின் இடப்பக்கச் சுவரில் நாலு படிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.3 மி.மீ. வலப்பக்கம் சுவர் உள்ளே குடைந்து போயிருந்தது. விளிம்புச் சுற்று வந்தபோது அது எழுத்தை விட்டு ஒன்றேகால் மி.மீ. தள்ளியே போனது. ‘ர’வின் கால் பாதியாக மெலிந்துவிட்டது.

முதலில் மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கின் திருகுகளைச் சந்தேகப்பட்டேன். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. அடுத்து, மோட்டார் திணறி ஸ்டெப்பை விடுகிறதோ என்று வேகத்தைப் பாதியாகக் குறைத்து வேறொரு துண்டில் வெட்டினேன். அதே நாலு படி, அதே ஒன்றேகால். இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. திணறல் என்றால் வேகம் குறைந்ததும் குறைந்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவில் வர வேண்டும். இதுவோ கணக்குப் போட்டதுபோல வருகிறது. கணக்காக வரும் தவறுக்குக் கணக்காக ஒரு காரணம் இருக்கும்.

நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அப்பாவின் டயல் கேஜை எடுத்து, இடவலமாக நகரும் எக்ஸ் அச்சில் பொருத்தினேன். அவர் லேத் பட்டறையில் முப்பது வருடம் வைத்திருந்தது, முள் இன்றும் நடுங்காது. 10 மி.மீ. போ, திரும்பி வா, இதை 100 முறை செய் என்று மெஷினுக்கான கட்டளை மொழியான ஜி-கோடில் கையாலேயே நாலு வரி எழுதினேன். முடிந்தபோது முள் 0.62இல் நின்றது. 200 முறை ஓட்டினேன். 1.25. பின்புலம் எடுத்தபோது மெஷின் ஏறக்குறைய எத்தனை முறை போய்வந்தது என்று எண்ணிப் பார்த்தேன். அடுக்குக்கு 100 கோடு, அதாவது 50 முறை போய்வருதல். நாலு அடுக்குக்கு 200.

அப்புறம் ஒரு தாளில் வகுத்துப் பார்த்தேன். மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் பெட்டி அதை எட்டாக உடைக்கிறது, ஆக 1,600. ஸ்க்ரூ 5 மி.மீ. என்பதால் ஒரு மி.மீ.க்கு 320. ஒரு ஸ்டெப் 0.003125 மி.மீ. ஒரு போய்வருதலில் போன பிழை 0.00625. சரியாக இரண்டு ஸ்டெப்! ஒரு ஸ்டெப் தவறான திசையில் போனால் வர வேண்டிய இடத்துக்கும் வந்த இடத்துக்கும் வித்தியாசம் இரண்டு ஸ்டெப்தான். அதாவது இரு திருப்பங்களில் ஏதோ ஒன்றில் மட்டும், முதல் துடிப்பு பழைய திசையிலேயே போகிறது.

டிரைவரைத் திறந்து பார்த்தேன். துடிப்பு வரும் வழியில் வேகமான ஆப்டோகப்ளர், அதாவது உள்ளே குட்டி விளக்கின் ஒளியால் சிக்னலைக் கடத்தும் சில்லு. திசை சொல்லும் வழியில் மலிவான நாலு கால் ஆப்டோகப்ளர். இந்த வகை பற்றிக்கொள்வதைவிட அணைவதற்கு அதிக நேரம் எடுக்கும். திசை மாறியது என்று டிரைவருக்குத் தெரிவதற்குள் துடிப்பு முந்திக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டது. பற்றும் பக்கம் திரும்பும்போது பிழை இல்லை, அணையும் பக்கம் திரும்பும்போது மட்டும் இருந்தது. அதனால்தான் ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போனது.

லினக்ஸ்சிஎன்சியில் இதற்கென்றே இரண்டு எண்கள் இருக்கின்றன. திசை மாறிய பின் எவ்வளவு காத்திருந்து துடிப்பு அனுப்புவது, துடிப்புக்குப் பின் எவ்வளவு நேரம் திசையை மாற்றாமல் வைத்திருப்பது. நான் டிரைவர் தாளில் போட்டிருந்ததை நம்பி 5,000 நானோ நொடி என்று வைத்திருந்தேன். இரண்டையும் 50,000 ஆக்கினேன். திரும்பும் இடத்தில் மெஷின் எப்படியும் மெதுவாகத்தான் போகும் என்பதால் இதில் நஷ்டமே இல்லை. மறுபடி 200 முறை ஓட்டினேன். டயல் கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முள்ளைப் பார்த்தார், “இன்னொருக்கா ஓட்டு” என்றார். ஓட்டினேன். பூஜ்யம்.

அடுத்த ஞாயிறு பூவரசுப் பலகையைக் கிளாம்ப் போட்டேன். நெட்வொர்க் வயரைக் கழற்றிவிட்டு, எமர்ஜென்சி சுவிட்சை ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினேன். இந்த மரத்தின் தூள் மூக்கில் ஏறும், முகமூடி இல்லாமல் பக்கத்தில் நிற்காதீர்கள். விளிம்புச் சுற்று வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிட் எழுத்தின் ஓரத்தை உரசியும் உரசாமலும் சுற்றி வந்தது. உள்ளே இருந்து மெல்லிய சுருளாக, கருஞ்சிவப்பில் சீவல் வந்து விழுந்தது. எங்கும் படி இல்லை.

அத்தை பலகையை மடியில் வைத்து, ‘சு’வின் சுழிக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தார். வாசலில் வெயில் படுமே, எண்ணெய் தேய்க்க வேண்டுமா என்று கேட்டார். ஆளிவிதை எண்ணெயைத் துணியால் தேய்க்கலாம் என்றேன். “இந்தச் சந்துக்குள்ள துணி போகுமா கண்ணு?” என்றவர், உள்ளே போய்ப் பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை எடுத்து வந்தார்.